சேலஞ்சர்ல "டாப் எண்ட்" எது அக்கா?

என் சித்தி பையன் இரண்டு வாரத்துக்கு முன்னால் ஃபோனில் கேட்ட கேள்வி இது. டிட்ராய்ட் பக்கம் வேலைக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது. டாட்ஜ் கம்பெனியின் சேலஞ்சர் கார் வாங்கியே தீருவேன் என்று நிற்கிறான். புதுசு கிடைக்காது, 2023 டிசம்பரோடு கனடாவின் பிராம்ப்டன் ஆலையிலிருந்து கடைசி வண்டியும் வெளியே வந்துவிட்டது. பழசுதான் வாங்க வேண்டும். பழசு வாங்கும்போதுதான் இந்த ட்ரிம், அதாவது ஒரே காரின் வெவ்வேறு ரகங்கள், என்ற குழப்பம் ஆளை விழுங்கும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அவன் கேள்வியில் தப்பில்லை. ஊரில் நாம் கார் பார்த்துப் பழகிய விதம் அது. பெரும்பாலும் இன்ஜின் மாறாது. காசு கூடக் கூட அலாய் வீல் வரும், சன்ரூஃப் வரும், லெதர் சீட் வரும். எல்லாம் இருந்தால் டாப் எண்ட், ஒன்றுமில்லாவிட்டால் பேஸ் மாடல். அந்தக் கணக்கைக் கொண்டுவந்து சேலஞ்சர் மேல் வைத்தால் முதல் அடியே சறுக்கும்.

2018-ல் வந்த டீமன் என்ற ரகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் சேலஞ்சரில் அதற்கு மேல் ஒன்று கிடையாது. 100 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றினால் 840 ஹெச்பி (குதிரைத்திறன்). ஆனால் டிரைவர் சீட் ஒன்றுதான் இருக்கும்! பக்கத்து சீட் வேண்டுமென்றால் ஒரு டாலர், பின் சீட் வேண்டுமென்றால் இன்னொரு டாலர் கட்ட வேண்டும். எடையைக் குறைக்க சீட்டையே கழற்றிய வண்டிதான் அங்கே உச்சம். அதே குடும்பத்தில் அடியில் இருக்கும் எஸ்எக்ஸ்டியில் பிளஸ் பேக்கேஜ் போட்டால் நாப்பா லெதர் கிடைத்தது. அதைவிட எவ்வளவோ வேகமான ஸ்கேட் பேக் என்ற ரகம் துணி சீட்டோடு வந்தது. இதில் எதை டாப் எண்ட் என்பது?

நான் அவனிடம் சொன்னது: முதலில் இன்ஜினைக் கேள், அப்புறம் பிரேக், அப்புறம் டயர். சீட்டும் ஸ்கிரீனும் கடைசியில். 2015 முதல் 2023 வரை வந்த வண்டிகளில் எஸ்எக்ஸ்டி, ஜிடி இரண்டிலும் 3.6 லிட்டர் வி6 (ஆறு சிலிண்டர்), 300 ஹெச்பிக்குச் சற்று மேல். ஆர்/டி என்றால் 5.7 லிட்டர் ஹெமி வி8 (எட்டு சிலிண்டர்), ஆட்டோமேட்டிக்கில் 372, மேனுவலில் 375. ஸ்கேட் பேக்கில் 6.4 லிட்டர், 485. கன அங்குலக் கணக்கில் 392 வருவதால் அந்த எண்ணையே பெயராக்கிப் பக்கவாட்டில் ஒட்டியிருப்பார்கள். ஹெல்கேட்டில் 6.2 லிட்டர்தான், ஆனால் மேலே காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருக்கும். 2015-ல் 707, 2019-லிருந்து 717, அதிலேயே பலம் கூடிய ரெட்ஐ என்றால் 797. ஹெல்கேட்டுக்கு இரண்டு சாவி கொடுப்பார்கள். சிவப்பில் முழு பலம், கறுப்பில் 500 ஹெச்பியோடு நிறுத்திவிடும். பிள்ளைகளிடம் வண்டியைக் கொடுக்கும் அப்பாக்களுக்கு அந்தக் கறுப்புச் சாவி நிம்மதி.

உண்மையான சிக்கல் நடுவில் இருக்கிறது. ஷேக்கர், டி/ஏ என்று சில பெயர்கள் 5.7 லிட்டரிலும் உண்டு, 6.4 லிட்டரிலும் உண்டு. பானட்டைத் துளைத்துக்கொண்டு இன்ஜினோடு சேர்ந்து ஆடும் அந்த ஷேக்கர் ஸ்கூப்பைப் பார்த்ததும் பெரிய இன்ஜின் என்று நினைத்து, 5.7-க்கு ஸ்கேட் பேக் விலை கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். ஸ்கேட் பேக்கிலேயே வைட்பாடி என்று ஒன்று உண்டு. இன்ஜின் அதேதான், 485-தான். ஆனால் உடம்பு மூன்றரை அங்குலம் கூடுதல் அகலம், 305 மில்லிமீட்டர் அகல டயர், முன்னால் பிரெம்போ கம்பெனியின் ஆறு பிஸ்டன் பிரேக், சாலைக்கேற்ப இறுகித் தளரும் சஸ்பென்ஷன். இதை வெறும் அழகுக்கு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இவ்வளவு கனமான வண்டி வளைவில் தரையைப் பிடித்துக்கொண்டு போவது அந்த டயரால்தான். காசு இருந்தால் வைட்பாடிக்குக் கொடுங்கள், கோடு ஒட்டிய பேக்கேஜுக்குக் கொடுக்காதீர்கள்.

என்னிடம் இருப்பது ஆர்/டி, ஆறு கியர் மேனுவல். பலர் ஆர்/டியை இரண்டுங்கெட்டான் என்பார்கள்: வி6-ன் சிக்கனமும் இல்லை, 392-ன் வேகமும் இல்லையாம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆட்டோமேட்டிக் 5.7-ல் சீராகப் போகும்போது எட்டு சிலிண்டரில் நான்கைத் தூங்கவைத்துவிடும் ஏற்பாடு உண்டு. பெட்ரோல் மிச்சம்தான், ஆனால் அந்த நேரத்தில் சைலன்சர் சத்தம் தட்டையாகி, தலைவலி வந்த மாதிரி ஒரு ரீங்காரம் வரும். மேனுவலில் அந்த ஏற்பாடே கிடையாது. எட்டும் எப்போதும் விழித்திருக்கும். ஐ-75 ஹைவேயில் ஏறும்போது மூன்றாவது கியரில் கிளட்சை விட்டு மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டும், கியர் குச்சி உள்ளங்கையில் நடுங்கும். ட்ரிம் பட்டியலில் "மேனுவல்" என்று ஒரே வார்த்தையில் போட்டுவிடுவார்கள். அது தனி வண்டி. வி6-ல் மேனுவல் கிடையாது, ரெட்ஐயிலும் கிடையாது.

இப்போது அந்தக் கதைக்கு வருகிறேன். இங்கே பழைய கார் விற்கும் ஓரிடத்தில் "ஸ்கேட் பேக்" என்று ஒரு 2018 வண்டி. விலை நம்ப முடியாத அளவு மலிவு. தம்பி ஆடிப்போய்விட்டான், உடனே வா அக்கா என்றான். போனேன். முன் கிரில்லில் ஸ்கேட் பேக்கின் சின்னமான தேனீ, இரண்டு பக்கமும் 392. கறுப்பு பெயிண்ட் கண்ணாடி மாதிரி. சக்கரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். பிரெம்போ இல்லை, சாதாரண ஒற்றை பிஸ்டன் கேலிப்பர், சின்ன டிஸ்க். தேனீயின் ஓரத்தில் நகத்தை வைத்தேன், அடியில் புது டபுள் சைட் டேப் பிசுபிசுத்தது. டிரைவர் பக்கம் வந்து முன் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் வின் (வண்டியின் அடையாள எண்) தகட்டைப் படித்தேன். பதினேழு எழுத்தில் எட்டாவதுதான் இன்ஜின். சேலஞ்சரில் ஜி என்றால் 3.6, டி என்றால் 5.7, ஜே என்றால் 6.4, 9 என்றால் சூப்பர்சார்ஜர் 6.2. அங்கே இருந்தது ஜி. வி6 எஸ்எக்ஸ்டிக்குத் தேனீ ஒட்டியிருக்கிறார்கள். விற்பவர் முகம் மாறவே இல்லை. "அது பழைய ஓனர் போட்டது" என்றார். தம்பி கார் பார்க்கிங்கில் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஒன்றரை வருஷச் சேமிப்பு அது.

வி6 வாங்குவது கேவலம் என்று நான் சொல்லவில்லை; வி6-ஐ வி8 என்று விற்பதுதான் கேவலம். சொல்லப்போனால் எங்கள் மிச்சிகன் பனிக்கு வி6-தான் பொருத்தம். சேலஞ்சரில் நான்கு சக்கரமும் இழுக்கும் ஆல் வீல் டிரைவ் வி6-க்கு மட்டுமே உண்டு, எந்த வி8-க்கும் கிடையாது. ஜனவரியில் என் ஆர்/டி வீட்டில் தூங்கும். எனக்கு இன்னொரு கார் இருக்கிறது, அவனுக்கு இல்லை.

செலவும் எழுத்துக்கு எழுத்து மாறும். வி6 சாதாரண 87 ஆக்டேன் பெட்ரோலில் ஓடும், ஹைவேயில் கேலனுக்கு 30 மைல் என்பது அரசாங்கக் கணக்கு. 392-க்கு 91 பிரீமியம், நகரத்துக்குள் 15 மைல். ஆயிலும் 0டபிள்யூ-40 ஃபுல் சிந்தடிக்தான். இன்சூரன்ஸ்? விலை பேசும் முன்பே வின் நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள். திருட்டுதான் காரணம். இன்சூரன்ஸ் கிளெய்ம்களை ஆராயும் அமெரிக்க அமைப்பான ஹெச்எல்டிஐ 2023-ல் வெளியிட்ட கணக்கில், சேலஞ்சரின் அண்ணன் சார்ஜர் ஹெல்கேட்டுக்கு வந்த திருட்டு கிளெய்ம் சராசரி காரைவிட 60 மடங்குக்கு மேல். 2021-ல் டாட்ஜ் 6.4-க்கும் 6.2-க்கும் இலவசமாக ஒரு பூட்டு மென்பொருள் கொடுத்தது. நான்கு இலக்க எண் போடாவிட்டால் இன்ஜின் 675 ஆர்பிஎம்மிலேயே முனகும், 3 ஹெச்பிகூடத் தராது. பழைய ஸ்கேட் பேக் வாங்கினால் அது ஏற்றியிருக்கிறதா என்று கேளுங்கள்.

பெயரை மட்டும் நம்பாதீர்கள் என்பதற்கு இன்னொன்று. ஸ்கேட் பேக் என்பது 1968-ல் டாட்ஜ் தன் வேகமான வண்டிகளுக்கெல்லாம் சேர்த்து வைத்த பெயர், தேனீயும் அப்போது வந்ததுதான். இன்று அதே பெயர் 670 ஹெச்பி எலெக்ட்ரிக் சார்ஜர் டேடோனாவில் இருக்கிறது, ஆறு சிலிண்டர் டர்போ சார்ஜரில் 550 ஹெச்பியோடும் இருக்கிறது. சேலஞ்சரில் எஸ்ஆர்டி8 என்ற வேக ரகத்தை 2010-ல் வாங்கினால் 6.1 லிட்டர், 425 ஹெச்பி. அடுத்த வருஷ எஸ்ஆர்டி8 என்றால் 6.4, 470. ஒரே பெயர், ஒரு வருஷ இடைவெளி. வி6-ம் அப்படித்தான், 2010 வரை 3.5 லிட்டர், 250 ஹெச்பி; 2011-ல்தான் இப்போதைய 3.6 வந்தது. அதனால் ட்ரிம்மோடு வருஷத்தையும் சேர்த்தே சொல்லுங்கள், சேர்த்தே கேளுங்கள்.

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை டிட்ராய்ட் பக்கம் கார் அணிவகுப்பு நடக்கும் உட்வர்ட் அவென்யூவில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் இதெல்லாம் காதாலேயே புரியும். 392 அடிவயிற்றிலிருந்து உறுமும். ஹெல்கேட் வந்தால் உறுமலுக்கு மேலே சூப்பர்சார்ஜரின் விசில் முதலில் வந்துவிடும், வண்டி பின்னால் வரும். போன வருஷம் தம்பியையும் கூட்டிப்போனேன். மதியத்துக்குள் திரும்பிப் பார்க்காமலே 5.7-ஐயும் 6.4-ஐயும் பிரித்துச் சொன்னான். அந்தக் காது இருந்தும், இன்ஜினை ஆன் செய்துகூடக் காட்டாமல் நிறுத்தி வைத்திருந்த ஒரு தேனீயிடம் ஏமாறப் பார்த்தான்.

நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு ஃபோட்டோ அனுப்பினான். 2019 ஜிடி, ஆல் வீல் டிரைவ், ஒரே ஓனர். வின் தகட்டை மட்டும் கிட்டத்தில் எடுத்திருந்தான், எட்டாவது எழுத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஜி. விளம்பரத்திலும் 3.6 என்றே எழுதியிருக்கிறது, விலையும் வி6 விலைதான். சனிக்கிழமை காலை போகிறோம். இந்த முறை வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் விடமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டான்.