பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டானாம்

"அந்தப் படமா? பார்த்துவிட்டேனே மாமா" என்றான் அக்கா மகன். ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும் படம். பொறுமையாக உட்கார்ந்து பார்த்திருக்கிறானே என்று பூரித்துப்போய், "ரயில் நிலையத்தில் அவள் திரும்பியே பார்க்காமல் நடப்பாளே, அந்த இடம் எப்படி?" என்று கேட்டேன். திருதிருவென்று விழித்தான். அப்புறம்தான் தெரிந்தது, அவன் பார்த்தது படத்தை அல்ல. யாரோ மூச்சுவிடாமல் கதையை ஒப்பிக்கும் பத்து நிமிட வீடியோவை. அதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில்!

"அதுதான் கதை தெரிந்துவிட்டதே, வேறென்ன வேண்டும்?" என்கிறான். எனக்கு வயிறு பற்றி எரிகிறது.

அடேய், நடந்ததை வரிசையாக அடுக்குவதற்குப் பெயர் கதை சொல்வதா? காவல் நிலையத்துப் புகார் மனுவில்கூட அது இருக்கிறது. திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக் ஒரு மேசையையும் வெடிகுண்டையும் வைத்தே இதை விளக்கிவிட்டார். இருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், திடீரென்று குண்டு வெடிக்கிறது: பார்ப்பவருக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. மேசைக்கடியில் குண்டு இருப்பதை முதலிலேயே நமக்குக் காட்டிவிட்டால், அதே அசட்டுப் பேச்சைப் பதினைந்து நிமிடம் நகத்தைக் கடித்துக்கொண்டு கேட்போம். இரண்டிலும் அதே மேசை, அதே குண்டு. யாருக்கு எதை எப்போது தெரியவிடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த வீடியோக்காரர் இரண்டுக்கும் ஒரே வரிதான் சொல்வார்: "குண்டு வெடித்துவிடுகிறது நண்பர்களே!"

படத்தில் ஒருவன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிரிக்காமலே உட்கார்ந்திருப்பான். அந்த ஒரு நிமிடத்துக்காக இயக்குநர் எத்தனை இரவு தூக்கம் கெட்டாரோ. இங்கே அது "கடிதம் வருகிறது, மனைவி இறந்தது தெரிகிறது" என்று மூன்று விநாடியில் முடிந்துபோகிறது. அவன் ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டுப்பாருங்கள். அது கதையில் இல்லையாம்!

படத்தை வாயால் சொல்வதே பாவம் என்று நான் சொல்லவில்லை. மௌனப் பட காலத்தில் ஜப்பானில் பென்ஷி என்ற கலைஞர்கள் திரைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, எல்லாப் பாத்திரங்களுக்கும் தாங்களே குரல் கொடுத்துக் கதை சொன்னார்கள். அவர்களுக்காகவே கூட்டம் வந்தது. ஆனால் அவர்கள் ஓடிக்கொண்டிருக்கும் படத்தோடு சேர்ந்து பேசினார்கள். படத்தை விழுங்கிவிட்டு ஏப்பம் விடவில்லை.

கிரேக்க ஞானி அரிஸ்டாட்டிலே ஹோமரின் ஒடிஸி காவியக் கதையைச் சில வரிகளில் சுருக்கியிருக்கிறாரே என்று படித்தவர் யாராவது மல்லுக்கு வரலாம். வரட்டும். அவர் காவியத்தின் எலும்புக்கூடு எது என்று காட்டத்தான் சுருக்கினார். அந்தச் சில வரிகளைப் படித்துவிட்டு, "ஹோமரை முடித்துவிட்டேன்" என்று எவனும் மார்தட்டவில்லை.

சரி, நானே சொல்கிறேன் என்று அவனை உட்காரவைத்தேன். மழை ஓய்ந்த இரவு, நடைமேடையில் ஒரே ஒரு விளக்கு, அவள் கையில் பெட்டி இல்லை என்பதை அவன் அப்போதுதான் கவனிக்கிறான் என்று நிறுத்தி நிதானமாகத் தொடங்கினேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"தெரியும் மாமா, கடைசியில் அவன் செத்துவிடுவான்" என்று எழுந்துபோய்விட்டான்.