"கிழட்டு யானைதானே" என்று சொல்லாதீர்கள்

கென்யாவின் அம்போசெலி பூங்காவைச் சேர்ந்த கொம்பன் யானைகள் எல்லை தாண்டித் தான்சானியாவுக்குப் போனபோது, ட்ரோஃபி வேட்டையில் (பணம் கட்டிச் சுட்டு, கொம்பையும் தலையையும் நினைவுப் பொருளாக எடுத்துப்போகும் வேட்டை) சுடப்பட்டதைப் பற்றிப் பேசினாலே ஒரே பதில்தான் வருகிறது: "வயதான ஆண், இனம் பெருக்கும் காலம் முடிந்தது, சுட்டால் என்ன நஷ்டம்?" வயதானது என்பதுதான் நஷ்டமே!

ஆண் யானைக்கு முப்பதை ஒட்டித்தான் மதம் ஒழுங்காகப் பிடிக்கத் தொடங்கும். முதலில் சில நாட்கள், பிறகு சில வாரங்கள். நாற்பதைத் தாண்டினால் மாதக்கணக்கில் நிற்கும். கன்னத்தில் மதநீர் வழிய, சிறுநீர் சொட்டச் சொட்ட பெரிய கொம்பன் வந்தால் இளசுகள் ஒதுங்கிவிடும். பெண் யானைகளும் அதையே நாடும். 1972 முதல் அம்போசெலியில் ஒவ்வொரு யானையையும் தனித்தனியாக அடையாளம் வைத்துக் கவனித்து வருகிறார்கள். மரபணுவை வைத்துத் தகப்பனைத் தேடியபோது, 45 வயதுக்குப் பிறகும் கன்றுகளுக்குத் தகப்பனாவது தெரிந்தது. இதையா காலம் முடிந்தது என்கிறீர்கள்?

பெரியவை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தென்னாப்பிரிக்காவின் பிலானெஸ்பெர்க் வனவிலங்குப் பூங்கா காட்டிவிட்டது. பெரிய ஆண்களே இல்லாமல் வளர்ந்த இளம் ஆண்களுக்கு அங்கே முன்கூட்டியே மதம் பிடித்தது. 1990-களில் 40-க்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் குத்திக் கொன்றன. 1998-ல் க்ரூகர் தேசியப் பூங்காவிலிருந்து ஆறு பெரிய ஆண்களைக் கொண்டுவந்து விட்டார்கள். கொலை நின்றது. வயதான ஆணுக்குக் காட்டில் வேலை இருக்கிறது ஐயா.

"அப்போ எல்லா ட்ரோஃபி வேட்டையையும் தடை செய்யச் சொல்கிறாயா?" இல்லை. பாகிஸ்தானில் மார்க்கோர் என்ற மலைக் காட்டாட்டைச் சுட ஆண்டுக்குச் சில அனுமதிகள்தான். கட்டணத்தில் 80 சதவீதம் அந்த மலைக் கிராமங்களுக்குப் போகிறது. அதனால் ஊரே காவல் காக்கிறது, ஆடும் பெருகியது. அதை மறுக்கவில்லை. தான்சானியாவில் சிங்கத்துக்குக்கூட, ஆறு வயது ஆகாததைச் சுடக்கூடாது என்று விதி இருக்கிறது. கூட்டத்தின் ஆண் சிங்கம் சீக்கிரம் செத்தால் புதிதாக வரும் ஆண் குட்டிகளைக் கொன்றுவிடும் என்பதால் வைத்தது. வயதானதைச் சுடலாம் என்று ஆட்டுக்கும் சிங்கத்துக்கும் பொருந்தும் கணக்கை யானைமேல் ஏற்றாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

கென்யா 1977-லேயே வேட்டையைத் தடை செய்தது. ஆனால் தான்சானியா எல்லைக்கு வேலி கிடையாது. சுற்றுலா வண்டிகளைப் பார்த்துப் பழகிய யானை தான்சானியாப் பக்கம் மேயப் போகிறது, அங்கே துப்பாக்கி நிற்கிறது. 1990-களின் நடுவிலிருந்து அந்த எல்லையோரத்தில் சுடுவதில்லை என்று ஒரு வாய்மொழிப் புரிதல் இருந்தது. 2023-ல் அது உடைந்தது.

"உணர்ச்சிவசப்படுகிறாய்" என்கிறார்கள். ஆமாம், படுகிறேன். வலிக்கிறது. அதற்காக நான் சொன்ன வயதுக் கணக்கு பொய்யாகிவிடுமா? சுடப்பட்ட கொம்பனின் இடத்துக்கு வர, இன்று பதினைந்து வயதில் நிற்கும் ஒன்றுக்கு இன்னும் முப்பது வருடம் வேண்டும்.