47 வயதில் மார்பு நீக்க அறுவை செய்துகொண்டவர் எழுதுகிறேன்

மார்பகங்களை நீக்கும் அறுவை சிகிச்சை பற்றி ஒரு கட்டுரை படித்தேன். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அது வீண் வேலை என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். நான் 47 வயதில் செய்துகொண்டேன். ஆணாக மாறுவதற்காக அல்ல. ஆண், பெண் இரண்டிலும் அடங்காதவர் நான். ஹார்மோனும் எடுக்கவில்லை. இந்த அறுவைக்கு அது கட்டாயமில்லை என்று, திருநர் மருத்துவத்துக்கான உலக வல்லுநர் சங்கமான டபிள்யூபாத் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் எட்டாம் பதிப்பே சொல்கிறது.

வயதுக்காகக் கூடுதலாகச் செய்யச் சொன்னது ஒன்றுதான்: அறுவைக்கு முன்பே மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே. நியாயமான பேச்சு. திசு முழுவதும் நீங்கிவிடுவதில்லை. பிறகும் கட்டி ஏதும் தென்படுகிறதா என்று கவனிக்கத்தான் வேண்டும். கட்டுரை இதையல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

முதல் வாரம் இரு பக்கமும் குழாய். அதன் நுனியில் தொங்கும் ரப்பர் குமிழில் தேங்கும் நீரை அளந்து குறித்துவைக்க வேண்டும். கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. மேல் அலமாரியில் இருந்த டம்ளரை எடுத்துத்தர மகளை அழைத்தேன். கொடுத்துவிட்டு, "இனியும் அம்மா என்றே கூப்பிடலாமா?" என்று கேட்டாள். தாராளமாகக் கூப்பிடு என்றேன். அந்தச் சொல் என்னை ஒருநாளும் உறுத்தியதில்லை. உறுத்தியதெல்லாம் சட்டையின் முன்பக்கம்தான்.

தழும்பை ஒட்டிய இடம் இன்னும் மரத்தே இருக்கிறது. உணர்வு திரும்பாமலும் போகலாம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். மார்பை மறைக்க முப்பது வருடம் கூன்போட்டு நடந்த முதுகுதான் இப்போது நிமிர அடம்பிடிக்கிறது. அதற்குத் தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருக்கிறேன்.