ஆறுதல் என்று நாம் நம்பும் பழக்கங்கள்

மன அழுத்தம் என்றதும் நாம் வேலையையும் கடனையும் பிள்ளைகளின் தேர்வையும் மாமியார் மருமகள் பிணக்கையும்தான் குற்றம் சாட்டுகிறோம். அவையெல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் அவற்றால் வந்த அழுத்தத்தைத் தணிப்பதற்கென்றே நாம் கைக்கொண்டிருக்கும் சில அன்றாடப் பழக்கங்கள் அதைத் தணிப்பதில்லை. அடுத்த நாளுக்கும் கடத்திவிடுகின்றன. இவை ஆறுதல் போலத் தோன்றுவதால் நாம் இவற்றைச் சந்தேகிப்பதே இல்லை.

முதலில் உடலைப் பற்றிச் சிறிது. நெருக்கடி வரும்போது அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் சுரந்து, இதயத் துடிப்பையும் இரத்தத்தில் சர்க்கரையையும் உயர்த்தி, உடலைத் தயார்ப்படுத்துகின்றன. கார்ட்டிசாலுக்கென்று ஒரு நாள் ஒழுங்கும் உண்டு: விழித்தெழும் வேளையில் அது உச்சத்தைத் தொடும், பிறகு படிப்படியாகக் குறைந்து நள்ளிரவை ஒட்டி மிகத் தாழ்ந்திருக்கும். நெருக்கடி வருவதும் போவதும் இயல்பு. போகவேண்டிய நேரத்தில் அதைப் போகவிடாமல் நாம் பிடித்து வைத்துக்கொள்வதுதான் சிக்கல்.

மாலைக் காப்பியை எடுத்துக்கொள்வோம். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். உறக்கம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். காப்பியில் உள்ள காபின் அந்த அடினோசின் சென்று பொருந்த வேண்டிய இடங்களில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு நீங்குவதில்லை, களைத்திருக்கிறோம் என்ற செய்திதான் நம்மை வந்து சேர்வதில்லை. சராசரியாக ஐந்து மணி நேரத்துக்குப் பிறகும் குடித்த காபினில் பாதி உடலில் எஞ்சியிருக்கும் என்பதால், மாலை ஆறு மணிக்குக் குடித்த காப்பியின் பாதிப் பங்கு இரவு பதினொரு மணிக்கும் வேலை செய்துகொண்டிருக்கும். சிக்கரி கலந்த தூளில் காபின் சற்றுக் குறைவு, ஏனெனில் சிக்கரியில் காபின் இல்லை. ஆனால் விருந்தாளியாகப் போன வீட்டில் மாலை ஏழு மணிக்கு நீட்டப்படும் டம்ளரை மறுக்கும் துணிவு நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? ‘அரை டம்ளராவது குடிங்க’ என்ற உபசாரத்துக்கு மருத்துவக் காரணங்கள் எடுபடுவதில்லை.

டீக்கடை வாசலில் பிடிக்கும் சிகரெட்டின் கதை இதைவிடத் தெளிவானது. நிக்கோட்டினின் அளவு உடலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது. அது குறையக் குறைய எரிச்சலும் பதற்றமும் எழுகின்றன. அடுத்த சிகரெட் அந்தப் பதற்றத்தை அடக்குவதால், மேலாளர் திட்டியதால் வந்த பதற்றத்தையே அது அடக்கியதாகப் புகைப்பவர் நம்பிவிடுகிறார். 2014ல் பிஎம்ஜே மருத்துவ இதழ் வெளியிட்ட, 26 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை, தொடர்ந்து புகைத்தவர்களைவிட அதை விட்டொழித்தவர்களிடம் பதற்றமும் மன அழுத்தமும் குறைந்திருந்ததைக் காட்டியது. மதுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: விரைவில் தூங்க வைக்கும், பின்னிரவில் தூக்கத்தைக் கலைக்கும்.

இவற்றைவிடப் பரவலானதும் அதிகம் பேசப்படாததுமான பழக்கம், தூக்கம் கண்ணைச் சுற்றினாலும் படுக்காமல் கைபேசியோடு உட்கார்ந்திருப்பது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃப்ளோர் க்ரூஸேவும் அவரது குழுவினரும் வேறெந்தக் கட்டாயமும் இல்லாமல் படுக்கப் போவதைத் தள்ளிப்போடும் இந்தப் போக்கை 2014ல் ஆராய்ந்து எழுதினார்கள். அதைத் தன்னடக்கக் குறைவு என்று மட்டும் சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து, சமைத்து, அலுவலகம் போய் வந்து, மீண்டும் சமைத்து, பாத்திரம் கழுவி, மறுநாள் இட்லிக்கு மாவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காரும் ஒரு பெண்ணுக்கு, இரவு பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரைதான் யாரும் எதுவும் கேட்காத நேரம். அதையும் விட்டுக்கொடுத்துவிட்டுத் தூங்கு என்று அவருக்கு அறிவுரை சொல்வது எளிது. அந்த ஒன்றரை மணி நேரம் பகலில் அவருக்குக் கிடைப்பதற்கு வீட்டில் உள்ள மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

அந்த நேரத்தில் பார்ப்பது எது என்பதும் முக்கியம். 2013ல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தபின், அதற்கடுத்த வாரத்தில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்திகளைப் பார்த்தவர்களிடம், அந்நிகழ்வை நேரில் எதிர்கொண்டவர்களைவிடக் கடுமையான அழுத்த அறிகுறிகள் தென்பட்டதாக, கலிபோர்னியா ஆய்வாளர்கள் மறுஆண்டு எழுதினார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் மழை வலுக்கும் ஒவ்வோர் இரவும், செம்பரம்பாக்கம் ஏரியின் முழு மட்டமான 24 அடியில் இப்போது எத்தனை அடி என்ற தகவல், அதில் பாதி பழையதும் வதந்தியுமாக, வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அடையாற்றங்கரையில் வசிப்பவருக்கு அந்தத் தகவல் தேவை, ஒரு முறை, பொறுப்பான இடத்திலிருந்து. மாடியில் குடியிருக்கும் மற்றவர்கள் அதைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் பார்ப்பதால் ஏரியின் மட்டம் குறையப்போவதில்லை.

‘மனசுல இருக்கறதைக் கொட்டிட்டா பாரம் குறையும்’ என்ற நம்பிக்கையையும் நாம் சற்றுச் சோதித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002ல் வெளியிட்ட ஆய்வில், தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தியவர்களின் கோபம் தணியவில்லை. அவர்களே அதிகக் கோபத்தோடு இருந்தார்கள். எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள். துயரத்தை நெருங்கிய ஒருவரிடம் சொல்லக் கூடாது என்று இதற்குப் பொருளில்லை. சொல்லி முடித்த குறையையே மதியச் சாப்பாட்டு மேசையில் ஒரு முறை, வண்டியில் வரும்போது தொலைபேசியில் ஒரு முறை, இரவில் அக்காவிடம் ஒரு முறை என்று புதிதாகச் சூடேற்றிப் பரிமாறுவதைத்தான் சொல்கிறேன். அமாண்டா ரோஸ் என்ற உளவியலாளர் பள்ளிப் பிள்ளைகளிடம் இதையே கண்டார்: பிரச்சினைகளை ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பெண் பிள்ளைகளிடையே நட்பு இறுகியது, கூடவே மனச்சோர்வும் பதற்றமும் கூடின. அந்த நெருக்கம் இனிமையானது என்பதால்தான் இந்தப் பழக்கத்தை விடுவது கடினமாக இருக்கிறது.

மீதமிருப்பது வேலை தொடர்பாக வரும் மின்னஞ்சலையும் குறுஞ்செய்திகளையும் திறந்து திறந்து பார்ப்பது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கோஸ்டாடின் குஷ்லெவும் எலிசபெத் டன்னும், மின்னஞ்சலை ஒரு வாரம் நாளுக்கு மூன்று முறை மட்டும் பார்க்கவும், மற்றொரு வாரம் விரும்பிய அளவுக்குப் பார்க்கவும் 124 பேரைக் கேட்டுக்கொண்டார்கள். கட்டுப்பாட்டோடு பார்த்த வாரத்தில் அழுத்தம் குறைவாக இருந்தது என்று 2015ல் எழுதினார்கள். நல்லது. ஆனால் நம் அலுவலகங்களில், இரவு பத்தே முக்காலுக்குக் குழுவில் ‘நாளை காலை இது தேவை’ என்று போட்டுவிட்டு, நீலக் குறி விழுந்ததா என்று பார்க்கும் மேலாளருக்குக் கீழே வேலை செய்பவர் நாளுக்கு மூன்று முறை என்று எப்படி வைத்துக்கொள்வார்? இந்தப் பழக்கம் ஊழியருடையது என்றே நான் கருதவில்லை. பிரான்ஸில் 2017 தொடக்கத்திலிருந்தே வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்தது. இங்கே நாடாளுமன்ற உறுப்பினர் சுப்ரியா சுலே 2018ல் மக்களவையில், அமைச்சரல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாவாக அதைக் கொண்டுவந்தார். 1970க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் நம் நாடாளுமன்றத்தில் சட்டமானதில்லை என்பதால், அதை நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை. இரவில் யோசனை வருகிற மேலாளர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அவர்கள் எழுதி வைத்துக்கொள்ளட்டும். மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தானாகவே போய்ச் சேரும்படி நேரம் குறித்து அனுப்பும் வசதி ஜிமெயிலில் 2019லிருந்தே இருக்கிறது, அதற்குக் காசும் கேட்பதில்லை.