ஓட்டு மேட்டுப்பாளையத்தில், ஆள் மலைமேலே

(நீலகிரி மலையில் கேத்தி பள்ளத்தாக்கு. கேரட் கழுவும் மெஷின் ஓய்ந்திருக்கும் நேரம். மூட்டை தூக்கும் மணி சாக்கு மேல் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். துணிப்பையோடு அங்கன்வாடி டீச்சர் வருகிறார். வாக்காளர் பட்டியல் வேலையைப் பார்க்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலரும் அவரேதான். ஒரு நாளில் எந்த நேரம் எந்த வேலை என்பது அவருக்கே பையைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.)

மணி: டீச்சர், கொஞ்சம் நில்லுங்க. என் ஓட்டை எங்கே வைத்திருக்கிறீங்க?

டீச்சர்: உன் ஓட்டை நான் எதற்கப்பா வைத்திருக்கப் போகிறேன்? பையில் இருப்பது சத்துமாவும் படிவமும்தான்.

மணி: நம்ம பேரூராட்சி வார்டுக்கு இடைத்தேர்தல் வருதுல்ல? நேற்று வேட்பாளர் வீட்டுக்கே வந்து, “மாப்ளே, உன்னை நம்பித்தான் நிற்கிறேன்” என்று கையைப் பிடித்துக்கொண்டார். பெண் கொடுத்த மாமனாரே என்னை இதுவரை மாப்ளே என்று கூப்பிட்டதில்லை. வாசலில் தெருவிளக்கு வேறு போட்டுத் தருகிறாராம். ராத்திரி காட்டெருமை நிற்பது தெரியாமல் அதன் மேலேயே போய் முட்டிக்கொள்கிறோம் இல்லையா, அதற்கு.

டீச்சர்: அதெல்லாம் இருக்கட்டும். வாக்காளர் பட்டியலில் உன் பெயர் இருக்கிறதா?

மணி: பட்டியல் எதற்கு? அட்டையே இருக்கே. இதோ.

டீச்சர்: (அட்டையைத் தள்ளிப் பிடித்துப் படித்து) மேட்டுப்பாளையம் என்று இருக்கிறது.

மணி: ஆமா, மாமனார் வீடு. அப்போ அங்கே மண்டியில் வேலை. 2024 ஏப்ரலில்கூட அங்கேதான் போட்டேன். யாருக்கு? நீலகிரி எம்.பி.க்கு! நீலகிரிக்கே குத்தின கை, நீலகிரியில் ஒரு வார்டுக்குக் குத்தக் கூடாதா?

டீச்சர்: நாடாளுமன்றத்துக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு. நீலகிரித் தொகுதியில் உதகை, குன்னூர், கூடலூர் மூன்றும் மலைமேல். மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் கீழே. ஆறும் சேர்ந்தால் ஒரு எம்.பி. வார்டு என்று வந்துவிட்டால் அந்த வார்டுக்குள் குடியிருப்பவர்தான். அட்டை எத்தனை இருந்தாலும், அந்த வார்டுப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் உள்ளே விடமாட்டார்கள்.

மணி: அப்போ என் ஓட்டு கீழே இருக்கு, நான் மேலே இருக்கேன். அவ்வளவுதானே? தினமும் இங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்கு கேரட் லோடு போகுது. வண்டி காலியாகத்தான் திரும்புது. ஏற்றிக்கொண்டு வரச் சொல்லிடறேன்.

டீச்சர்: அந்த லாரிக்குப் பெயர் படிவம் 8. வீடு மாறினாலும் அதுதான், பெயரில் பிழை இருந்தாலும் அதுதான், அட்டை தொலைந்தாலும் அதுதான். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் படிவம் 6. நீ 6-ஐத் தொடாதே. “இதுவரை எங்கும் பெயர் இல்லை” என்று அதில் எழுதிக் கொடுத்தால் அது பொய். பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை ஜெயில்.

மணி: கீழே ஒன்று, மேலே ஒன்று வைத்துக்கொண்டால் என்ன? ஒன்று போனாலும் ஒன்று இருக்குமே.

டீச்சர்: ஓட்டு என்ன செருப்பா, ஜோடியாக வைத்துக்கொள்ள? ஒருவருக்கு ஒரே இடம்.

மணி: ஊட்டியில் பங்களா கட்டி வைத்திருக்கிற சென்னைக்காரருக்கு?

டீச்சர்: பங்களா சொந்தம் என்பதற்காக மட்டும் ஓட்டு கிடையாது. வழக்கமாக எங்கே குடியிருக்கிறாரோ அங்கேதான். சீசனுக்கு வந்து ஸ்வெட்டர் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறவருக்கு இங்கே ஓட்டு இல்லை. லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிற உனக்கு உண்டு.

மணி: (எழுந்து நிற்கிறார்) இதை முன்னாடியே சொல்லக் கூடாதா டீச்சர்? இத்தனை நாள் குனிந்து குனிந்தே மூட்டை தூக்கியிருக்கேன்.

டீச்சர்: உட்கார். வீட்டுக்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

மணி: ரேஷன் கார்டு, அது மாமனார் பெயரில். ஆதார், அது மேட்டுப்பாளையம். கரண்ட் பில், அது ஓனர் பெயரில். என் பெயரில் இருப்பது கடன்தான்.

டீச்சர்: கடன் எங்கே வாங்கினாய்?

மணி: இங்கே பேங்கில்.

டீச்சர்: அப்போ பாஸ்புக்கில் இந்த முகவரி இருக்கும். அது போதும். அதுவும் இல்லாதவர்களுக்கு நான் நேரில் வந்து பார்த்து எழுதுவேன்.

மணி: கடன் வாங்கினது ஒரு நல்லதுக்கு உதவுது பாருங்க. சரி, தேர்தலுக்கு முதல் நாள் கொடுத்தால் போதுமில்ல?

டீச்சர்: முதல் நாள் கொடுத்தால் வாங்கி சத்துமாவோடு வைத்துக்கொள்வேன். மனு வந்ததும் ஆட்சேபணை சொல்ல ஏழு நாள் விடவேண்டும். அதன் பிறகுதான் விசாரித்து முடிவு செய்வார்கள். தேர்தல் பேச்சு காதில் விழுந்த அன்றைக்கே கொடுத்துவிட வேண்டியதுதான். போனிலும் செய்யலாம், தேர்தல் ஆணையத்தின் செயலி இருக்கிறது. சந்தேகம் என்றால் 1950 என்ற எண்ணுக்குப் போன் அடி.

மணி: இந்தப் பள்ளத்தில் சிக்னல் எங்கே கிடைக்குது? கோயில் மேட்டில் ஏறி நின்றால் அரைக் கோடு வரும். நீங்களே எழுதுங்க. ஆனால் டீச்சர், இது உள்ளாட்சித் தேர்தல். அதற்குத் தனி ஆபீஸ்தானே? உங்க படிவம் செல்லுமா?

டீச்சர்: (ஆச்சரியமாக) பரவாயில்லையே, நல்ல கேள்வி. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம்தான். ஆனால் சட்டமன்றப் பட்டியலை வாங்கித்தான் வார்டு வார்டாகப் பிரிக்கிறார்கள். அதில் பெயர் ஏறினால்தான் இதிலும் வரும்.

மணி: பெரிய பாப்பாவுக்குப் பதினேழு முடிந்துவிட்டது. அவளையும் எழுதிடுங்க, வீட்டுக்கு ஒரு ஓட்டு கூடட்டும்.

டீச்சர்: மனுவை இப்போதே கொடுத்து வைக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர், இந்த நான்கு மாதத்தின் முதல் தேதியில் எதற்குள் பதினெட்டு முடிகிறதோ, அதில் சேர்ப்பார்கள். அதுவரை ஓட்டுப் போட முடியாது.

மணி: அப்போ நான் மட்டும் போறேன். போன உடனே சேர்மனுக்கும் சேர்த்து ஒரு குத்து.

டீச்சர்: பேரூராட்சி சேர்மனுக்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை. வார்டு உறுப்பினர்கள் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். நீ ஒரு பட்டன் அழுத்து, சத்தம் வரும், வெளியே வா. இடது ஆள்காட்டி விரலில் மை வைப்பார்கள். அந்த மை மைசூரில் செய்வது, 1962-லிருந்து அங்கிருந்துதான்.

மணி: கேரட் மெஷினில் கையை விட்டாலும் போகாதா?

டீச்சர்: கை போகும், மை போகாது.

மணி: வேட்பாளர் வீட்டுக்கு வீடு கம்பளிக் குல்லா தரப் போறதாகப் பேச்சு. வாங்கிக்கலாமா?

டீச்சர்: கொடுத்தவருக்கும் குற்றம், வாங்கினவருக்கும் குற்றம். இதுவும் ஓராண்டு வரை.

மணி: உங்களிடம் எதைக் கேட்டாலும் ஓராண்டா? அங்கன்வாடிப் பிள்ளைகள் எப்படித்தான் தைரியமாக வருதோ!

டீச்சர்: (படிவத்தை எடுத்து) பேசாமல் சொல்லு. வீடு எங்கே?

மணி: ஓடைப் பாலம் தாண்டி, மேலே மூன்றாவது லைன்.

டீச்சர்: பாலம் தாண்டியா? (பேனாவை மூடுகிறார்.) மணி, அந்த வார்டு பாலத்தோடு முடிந்துவிட்டது. உன் வீடு அடுத்த வார்டு. காலியிடம் விழுந்த வார்டுக்கு மட்டும்தான் இடைத்தேர்தல். உன் வார்டில் உறுப்பினர் இருக்கிறார்.

மணி: இருக்கிறாரா? நான் பார்த்ததே இல்லையே!

டீச்சர்: பட்டியலில் இருக்கிறார். நீ நேரெதிர்: ஆளாக இருக்கிறாய், பட்டியலில் இல்லை. படிவம் கொடுத்துவிடு, அடுத்த தேர்தலுக்கு ஆகும்.

மணி: அப்போ இவர் எதற்கு என் வீட்டுக்கு வந்து மாப்ளே என்றார்?

டீச்சர்: பனியில் பாலம் தெரிந்திருக்காது.

மணி: டீச்சர், ஒரு உதவி. விளக்கு எரிகிற வரைக்கும் இந்தப் பாலம் விஷயத்தை அவரிடம் சொல்லிடாதீங்க.

டீச்சர்: தேர்தல் நடத்தை விதி இருக்கும்போது புதிதாக விளக்கெல்லாம் போட முடியாதப்பா.

மணி: அது அவருக்குத் தெரியுமா?

டீச்சர்: தெரியாமலா சொல்லியிருப்பார்?

மணி: அப்போ சரி. அவர் எனக்கு இல்லாத விளக்கைக் கொடுத்தார், நான் அவருக்கு இல்லாத ஓட்டைக் கொடுத்துட்டேன். எங்கே கையெழுத்துப் போடணும், சொல்லுங்க.