4001-க்குப் பூட்டு, 4005-க்குத் திறந்த கதவு

"ஆசியான் ஒப்பந்தத்துல ரப்பர் விலக்குப் பட்டியல்லதானே இருக்கு, பிறகு எதுக்குப் பயப்படணும்?" குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, கடையாலுமூடு பக்கம் ரப்பர் ஷீட் விலை இறங்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. நியாயமான கேள்வி. பதில் ஒப்பந்த முகவுரையில் இல்லை, ஒவ்வொரு பொருளுக்கும் தரப்படும் சுங்கவரி எண்ணில் இருக்கிறது.

தாய்லாந்து உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானோடு இந்தியா போட்ட சரக்கு வர்த்தக ஒப்பந்தம் 2009 ஆகஸ்ட் 13-ல் கையெழுத்தாகி, 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மிளகு, காபி, தேயிலை, பாமாயில் எல்லாம் வரியைப் படிப்படியாகக் குறைக்கும் பட்டியலுக்குப் போயின. இயற்கை ரப்பர் விலக்குப் பட்டியலில், அதாவது வரிச் சலுகை இல்லாத பட்டியலில் நின்றது. இதுவரை சரி. ஆனால் விலக்கு கிடைத்தது 4001 என்ற தலைப்புக்கு. ஷீட், கட்டியாக வரும் பிளாக் ரப்பர், ரப்பர் பால் எல்லாம் அதற்குள் அடங்கும். அதே ரப்பரில் கார்பன் பிளாக் என்ற கரித்தூளோ சிலிக்காவோ கலந்துவிட்டால் அது 4001 இல்லை, 4005. பெயர் காம்பவுண்ட் ரப்பர். சுங்கவரி அட்டவணையின் 40-ஆம் அத்தியாயக் குறிப்பே இதைச் சொல்கிறது. அந்த எண்ணுக்கு ஆசியான் சலுகை வரி உண்டு.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம்ம ஊர் ஷீட் என்றால், சிரட்டையில் வடிந்த பாலை அரித்து, தண்ணீர் சேர்த்து ரப்பர் அளவை 12.5 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, ஒரு டிஷ்ஷில் 4 லிட்டர் ஊற்றி, பார்மிக் ஆசிட் விட்டு உறையவைத்து, ரோலரில் அடித்து, புகைப்புரையில் நாலைந்து நாள் தொங்கவிட வேண்டும். கிடைப்பது அரைக் கிலோ. நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் சரியாகக் காயவில்லை என்று கடைக்காரர் கிரேடைக் குறைத்துவிடுவார். ஆசியான் நாடுகளில், காய்ந்த ரப்பரோடு கரித்தூளைப் போட்டு மிக்சரில் ஓட்டினால் சில நிமிடத்தில் எண் மாறிவிடுகிறது. டயர் கம்பெனிக்கு அதில் நஷ்டமும் இல்லை. கரித்தூளை எப்படியும் அவர்கள் சேர்க்கத்தான் வேண்டும்.

2023 மத்திய பட்ஜெட்டில் காம்பவுண்ட் ரப்பர் வரி 10 சதவீதத்திலிருந்து "25 சதவீதம் அல்லது கிலோவுக்கு ரூ.30, எது குறைவோ அது" என்று உயர்த்தப்பட்டது. நல்ல முடிவு. ஆனால் அது பொது வரி. ஆசியான் நாட்டில் உருவானது என்று காட்டும் மூலச் சான்றிதழோடு வரும் சரக்குக்குத் தனி அறிவிக்கை இருப்பதால் அந்த உயர்வு அதைத் தொடாது. அறிவிப்பைக் கேட்டுக் கைதட்டியவர்கள் இதைக் கவனிக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

"எது குறைவோ அது" என்ற மூன்று சொல்லையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஷீட்டுக்கும் இதே வரிதான். இறக்குமதி விலை கிலோ ரூ.100 என்றால் 25 சதவீதப்படி வரி ரூ.25. ரூ.120-ல் இரண்டும் சமம், ரூ.30. விலை ரூ.180 ஆனால் 25 சதவீதம் என்பது ரூ.45 வர வேண்டும், வசூலாவது ரூ.30 மட்டும். அதாவது 16.7 சதவீதம். ரூ.240 என்றால் 12.5 சதவீதம். விலை எந்தப் பக்கம் போனாலும் குறைந்த தொகைதான் விவசாயிக்குக் காவல். வரியை 40 சதவீதமாக்கு என்று மனு எழுதுகிறார்கள். அது நடக்காது. உலக வர்த்தக அமைப்பில் ரப்பர் விவசாயப் பொருளே இல்லை, தொழிற்பொருள். காய்ந்த ரப்பருக்கு நாம் ஒப்புக்கொண்ட உச்சவரம்பு 25 சதவீதம். அந்த ரூ.30 வரம்பை நீக்கு என்று கேட்டால் நம் நாட்டு அரசே முடிவெடுக்கலாம். மனுவில் முதல் வரியாக வர வேண்டியது இதுதான்.

மூல விதிகளைக் கடுமையாக்கினால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். பொருள் எந்த நாட்டில் உருவானது என்பதைச் சரிபார்க்கும் நம் சுங்கத்துறையின் கரோட்டார் (CAROTAR) விதிகள் 2020 செப்டம்பரில் வந்தன. சான்றிதழ் மட்டும் போதாது, பொருள் எப்படித் தயாரானது என்ற விவரமும் இறக்குமதியாளர் கையில் இருக்க வேண்டும். போலிச் சான்றிதழைப் பிடிக்க அது உதவும். இங்கே சிக்கல் அதுவல்ல. ஒப்பந்தத்தின் பொது விதி 35 சதவீத மதிப்பு ஆசியானுக்குள் உருவாக வேண்டும் என்கிறது. தாய்லாந்து மரத்தில் வெட்டிய பாலுக்கு அது தானாகவே நிறைவேறிவிடும். மோசடியே இல்லாமல், சட்டப்படியே உள்ளே வருகிறது.

அப்படியானால் வழி? ரப்பர் அளவை வைத்து வரையறை செய்வது. சீனா அதைச் செய்து பார்த்தது. 2015 ஜூலையிலிருந்து காம்பவுண்டில் கச்சா ரப்பர் 88 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தரம் வைத்தது. உடனே வியாபாரம் இயற்கை ரப்பரோடு கொஞ்சம் செயற்கை ரப்பர் சேர்த்த கலவைக்கு, அதாவது 4002.80-க்கு நகர்ந்தது. ஒரு எண்ணை அடைத்தால் பக்கத்து எண் வழியாக வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம். ஆசியான் ஒப்பந்த மறுஆய்வில் இந்தியா 4005, 4002.80 இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்: இயற்கை ரப்பர் இவ்வளவுக்கு மேல் இருந்தால் 4001-க்கான வரி என்று.

இது நடக்காத கோரிக்கை அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடைச் சட்டம் 4001-ஐயும் 4005-ஐயும் டயரையும் ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தின் ரப்பர் எந்த வடிவத்திலும் அங்கே நுழையக் கூடாது. நடைமுறைத் தேதி தள்ளித் தள்ளிப் போனாலும், அங்கே டயர் விற்கிற கம்பெனி ஒவ்வொரு தோட்டத்தின் இருப்பிடத்தையும் காட்ட வேண்டியிருக்கும். 4 ஹெக்டேருக்கு மேல் என்றால் எல்லைக்கோடு முழுவதும், அதற்குக் கீழே ஒரு புள்ளி போதும், ஆறு தசம இலக்கத்தோடு. நம் மாவட்டத்துச் சிறு தோட்டங்களுக்குப் பெரும்பாலும் அந்த ஒரு புள்ளி போதும்.

இதில் இடிக்கப்போவது தோட்டத்தில் அல்ல, கடையில். பல பேருடைய ஷீட் ஒரே அடுக்கில் சேர்கிறது. ஒருவருடைய இருப்பிடம் இல்லையென்றால் அந்த லாட் முழுவதும் ஐரோப்பாவுக்கு உதவாது. யார், எந்த சர்வே எண், எந்தத் தேதி, எத்தனை கிலோ என்று ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்கள் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினால், அடுத்த சீசனுக்குள் லாட் பிரித்து விற்க முடியும்.