விலையைத் திட்டுவதற்கு முன்

விலை ஏறியவுடன் 'வியாபாரிகளின் பேராசை' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தப் பேராசை நேற்று இல்லாமல் இன்றைக்குத்தான் முளைத்ததா? மாறியிருப்பது சரக்கின் வரத்தும் வாங்க வருவோரின் எண்ணிக்கையும். காரணத்தைத் தவறாகப் பிடித்தால் தீர்வும் தவறாகத்தான் அமையும்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் வரத்தைக் குறைத்தன. சில மாதங்களில் பீப்பாய் விலை சுமார் 3 டாலரிலிருந்து 12 டாலரை நெருங்கியது. அமெரிக்க அரசு விலைக்கு உச்சவரம்பு வைத்திருந்தது. பெட்ரோல் நிலையங்களில் வாகனங்கள் வரிசை கட்டி நின்றன. மக்கள் பணத்துக்குப் பதிலாக நேரத்தைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஏறிய விலையோ வேறொரு வேலையைச் செய்தது. அதுவரை கட்டுப்படியாகாத வட கடலிலும் அலாஸ்காவிலும் எண்ணெய் எடுப்பது லாபகரமானது. கார்கள் முன்பைவிடக் குறைந்த எரிபொருளில் ஓடத் தொடங்கின. அதில் சட்டங்களுக்கும் பங்குண்டு. 1979இல் விலை மறுபடி தாவினாலும், 1986இல் சரிந்து விழுந்தது.

ஆனால் இதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. பாடநூல் வரைபடத்தில் வரத்து, தேவை என்ற இரண்டு கோடுகள் சட்டென்று வெட்டிக்கொள்கின்றன. நிஜத்தில் அந்த இடைக்காலத்தை யாரோ ஒருவர் பட்டுக் கழிக்க வேண்டியிருக்கிறது, பெரும்பாலும் கையில் காசில்லாதவர்.

சந்தையை ஆதரிப்பவர்கள் பேசத் தயங்கும் இடம் இது. காசோடு வரும் தேவை மட்டுமே சந்தையின் கண்ணில் படும். எய்ட்ஸ் நோய்க்கான கூட்டு மருந்து 2000ஆம் ஆண்டளவில் ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலர் அளவிலும் அதற்கு மேலும் விற்றது. ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கானோர் அந்தத் தொற்றோடு வாழ்ந்தார்கள். மருந்துச் சந்தையின் கணக்கில் அவர்கள் வாங்குவோரே அல்லர். 2001 பிப்ரவரியில் இந்திய மருந்து நிறுவனமான சிப்லா மூன்று மருந்துக் கூட்டை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. காப்புரிமை வேலிக்குள் போட்டியாளர் நுழைய முடியாததுதான் பழைய விலைக்குப் பெரிய காரணம். அதைச் சுதந்திரச் சந்தை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

350 டாலரும் அவர்களில் பலருக்கு எட்டாத தொகைதான். 2002இல் எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஆகியவற்றை எதிர்க்கப் பணம் தரும் உலகளாவிய நிதியம் தொடங்கி, அவர்களுடைய தேவைக்குப் பின்னால் பணம் வந்து நின்ற பிறகுதான் மருந்து பெருமளவில் போய்ச் சேர்ந்தது. விலைக்கு உச்சவரம்பு கேட்பவர்கள் இந்த வழியைக் கேட்டுப் போராடலாம்: வரத்தை அடைக்கும் வேலிகளை அகற்றுங்கள், வாங்க முடியாதவர் கையில் பணத்தைக் கொடுங்கள்.